எல்லைக்கு அப்பால் உள்ள அயலார்: கல்முனைக் கரையில் கிறிஸ்தவ அன்பு

கிறிஸ்தவ சமயத்தில் அன்பு என்பது முதலில் ஒரு செயல். உணர்ச்சி அதன் பின்னால் வந்தாலும் வரும், வராமலும் போகும். நற்செய்தி நூல்களில் இயேசு அன்பைப் பற்றிப் பேசும் இடங்களில் பசித்தவர், அந்நியர், நோயாளி, சிறைப்பட்டவர் என்று ஆட்கள் வந்துவிடுகிறார்கள். சோறு, உடை, தண்ணீர், காயத்துக்கு எண்ணெய் என்று பொருள்களும் வந்துவிடுகின்றன. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்ப்புக் காட்சியில் கேட்கப்படும் கேள்வி, பசித்தவருக்கு என்ன கொடுத்தாய் என்பது. அங்கே பாராட்டப்படுகிறவர்களுக்கு, தாம் யாருக்குக் கொடுத்தோம் என்பதே தெரிந்திருக்கவில்லை. கணக்கு வைக்காமல் கொடுத்தவர்கள் என்பதால்தான் அவர்கள் வியப்படைகிறார்கள்.

இந்த அன்பின் எல்லை எது என்பதை லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியர் உவமை காட்டுகிறது. எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ 27 கிலோமீற்றர். அந்தத் தொலைவுக்குள் சுமார் 1000 மீற்றர் கீழே இறங்கும் பாறை வழி. கள்வர் பயம் நிறைந்த அந்த வழியில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுடைய சமயத்தின் குரு ஒருவர் விலகிப் போகிறார். ஆலயப் பணியாளரான லேவியரும் விலகிப் போகிறார். நின்று காயத்தைக் கட்டுகிறவர் ஒரு சமாரியர்.

யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த பகையின் தன்மை இங்கே முக்கியம். இரு சாராரும் மோசேயின் ஐந்து நூல்களையும் ஏற்றவர்கள். ஒரே முன்னோரின் பெயரைச் சொன்னவர்கள். கடவுளை வழிபடும் இடம் எருசலேமா, கெரிசிம் மலையா என்பதில் பிரிந்தார்கள். தொலைதூர அந்நியரை மன்னித்துவிடலாம். இவ்வளவு நெருங்கியவரை மன்னிப்பது கடினம். உவமையின் கூர்மை இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. சமாரியர் செய்த வேலையின் விவரமும் கவனத்துக்குரியது. காயத்தைக் கட்டுகிறார், தன் மிருகத்தில் ஏற்றுகிறார், சத்திரத்தில் ஓர் இரவு பார்த்துக்கொள்கிறார், மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்து, கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அடிபட்டவனிடம் ஊரும் பேரும் விசாரித்ததாகவோ, நன்றி எதிர்பார்த்துக் காத்திருந்ததாகவோ கதையில் இல்லை.

கைம்மாறு கருதாத கொடை கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரிய கருத்து அன்று. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் அதை மழையை வைத்துப் பேசுகிறது. குர்ஆனின் 76ஆம் அத்தியாயம், ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளித்துவிட்டு அவர்களிடமிருந்து பிரதியுபகாரமோ நன்றியோ நாடாதவர்களைப் போற்றுகிறது. கடமையான சகாத்துக்கு அப்பால், விரும்பிக் கொடுக்கும் சதகாவை வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுக்க வேண்டும் என்பது கிழக்கிலங்கை முஸ்லிம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பாடம். ஏறக்குறைய இதே அறிவுரை மத்தேயுவின் 6ஆம் அதிகாரத்திலும் உண்டு. கிறிஸ்தவ சிந்தனை தனியாக வலியுறுத்துவது இரண்டு விடயங்களை. ஒன்று, அன்பு செலுத்துபவர் அதனால் மீட்பைச் சம்பாதிப்பதில்லை. கடவுளின் அன்பு அவருக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. மார்ட்டின் லூதர் 1520இல் எழுதிய ‘கிறிஸ்தவரின் சுதந்திரம்’ என்ற நூலின் வாதம் இதுவே: தன் மோட்சத்துக்காக நற்செயல் செய்யவேண்டிய தேவை நீங்கிவிட்டதால், அந்தச் செயல் முழுவதும் அயலாருக்கே போய்ச்சேரலாம். மற்றது, பகைவரும் இந்த அன்பின் வட்டத்துக்குள் அடங்குவர் என்ற மலைப்பொழிவின் போதனை. இரண்டையும் சொல்வது எளிது. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் மடலின் 13ஆம் அதிகாரத்தில் பவுல், உடைமை அனைத்தையும் கொடுத்தாலும் அன்பு இல்லையேல் பயனில்லை என்று எச்சரித்தது, அன்பு இல்லாமலும் கொடை நடக்கும் என்பதை அவர் கண்டிருந்ததால்தான்.

கரையின் அமைப்பு

மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை பெரிய நீலாவணையைத் தாண்டியதும் மருதமுனை. பிறகு பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. ஒரு பள்ளிவாசல் மினாராவின் நிழல் முடியும் இடத்தில் ஒரு கோயில் கோபுரம் தொடங்கும். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மீண்டும் தமிழ் ஊர் என்ற இந்த வரிசை அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவில் வரை செல்கிறது. மேற்கே வயல்வெளி, கிழக்கே கரைவலை இழுக்கும் கடல். இரு சமூகங்களின் தாய்மொழியும் தமிழ். தாய்வழிக் குடி முறையும், மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மருமகனை அங்கே குடியேற்றும் வழக்கமும் இரண்டிலும் உண்டு. மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட நூல் இந்த ஒற்றுமையையும், அதற்குள்ளேயே வளர்ந்த பிளவையும் விரிவாகப் பதிந்திருக்கிறது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது குறித்த நீண்ட இழுபறி அந்தப் பிளவின் இன்றைய முகம்.

அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அதன் மக்கள் தொகை சுமார் 6,49,000. அதில் முஸ்லிம்கள் 43 விழுக்காட்டுக்கு மேல்; சிங்களவர் அடுத்த இடத்தில்; தமிழர் 17 விழுக்காட்டளவில். கிறிஸ்தவர் எல்லாச் சபையினரையும் சேர்த்தே ஏறத்தாழ 2 விழுக்காடு. கடற்கரைக் கிறிஸ்தவர் பெரும்பாலும் தமிழர். ஆகவே அவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நிற்கிறார்கள்: இனத்தால் ஒரு தரப்பின் பகுதி, சமயத்தால் இரு தரப்புக்கும் வெளியே. இந்த இரட்டை நிலைதான் இக்கரையில் கிறிஸ்தவ அன்புக்கு வாய்ப்பாகவும் சோதனையாகவும் இருந்திருக்கிறது.

மிஷன் காலம்

1814 ஜூன் மாத இறுதியில் வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிகள் காலித் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களை அழைத்து வந்த தோமஸ் கோக் மே மாதமே கப்பலில் இறந்துபோனார். வில்லியம் ஓல்ட் என்பவரின் மனைவியும் பயணத்தில் இறந்தார். அந்த ஓல்ட்தான் தனியாளாக மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டவர். தமிழ் கற்று, பள்ளிகளைத் தொடங்கி, ஓராண்டு நிறைவதற்கு முன்பே, 1815 ஏப்ரல் 1ஆம் திகதி நோயால் இறந்தார். மட்டக்களப்பின் மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814க்குக் கொண்டு செல்கிறது. பின்னர் கல்முனையிலும் மெதடிஸ்த பாடசாலை எழுந்தது. கத்தோலிக்கத் தரப்பிலும் பாடசாலை வந்தது. இன்று வெஸ்லி, கார்மேல் பற்றிமா என்ற பெயர்களில் அவை கல்முனையில் நிற்கின்றன.

இந்தப் பள்ளிகளால் பயன்பெற்றவர்களில் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் முதன்மையானவர். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்த அவர் கிறிஸ்தவராகவில்லை. இராமகிருஷ்ண மிஷன் துறவியாகி, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். மிஷன் அறிக்கைகளின் கணக்கில் இது ஒரு தோல்வியாகக்கூட எழுதப்பட்டிருக்கலாம். மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் அளவுகோலில் அது தோல்வி ஆகாது.

ஆனால் மிஷன் பள்ளி நிபந்தனையற்ற அன்பின் வடிவம் என்று சொல்வது மிகை. வேதபாடம் பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்தது; மதமாற்றம் வெளிப்படையான இலக்காக இருந்தது; குடியேற்ற அரசின் உதவிப்பணம் பின்னால் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கியதும், கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி முஸ்லிம் பிள்ளைகளுக்கு நவீன கல்வி வேண்டும் என்று வாதாடியதும் இந்தப் பின்னணியில்தான். மிஷன் பள்ளிக்குப் போனால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சத்தால் முஸ்லிம் பெற்றோர் ஒரு தலைமுறைக்கு மேல் ஆங்கிலக் கல்வியிலிருந்து ஒதுங்கி நின்றார்கள். கொடையோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருந்ததால், மிகவும் தேவைப்பட்டவரே அதை வாங்காமல் விட நேர்ந்தது.

அதே காலத்தில் வேறொரு போக்கும் இருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவ மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். மாணவர் உடையாலும் உணவாலும் வாழ்க்கை முறையாலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1873இல் அவர் நாடு திரும்பியபோது, அவரில்லாமலே வைத்தியம் பார்க்கக்கூடிய தமிழ் வைத்தியர்கள் ஊர்களில் இருந்தார்கள். தன்னைத் தேவையற்றவராக்கிக்கொள்வது தன்னலமின்மையின் அரிய வகை. தொண்டு நிறுவனங்களுக்கு இது இன்றும் எளிதில் கைவருவதில்லை.

1960இலும் அடுத்த ஆண்டிலும் நிறைவேற்றப்பட்ட சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. சபைகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. ஆனால் கிழக்கில் அதன் விளைவுகளில் ஒன்று, கிறிஸ்தவப் பணியாளர் தம் கையிலிருந்த அதிகாரத்தை இழந்தது. அதற்குப் பின் வந்த பல பத்தாண்டுகளில் அவர்கள் செய்த பணியின் தரம் வேறு.

போர்க்காலம்

1990 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இக்கரையில் நடந்தவை இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. ஜூன் மாதத்தில் கல்முனைப் பொலிஸார் உட்படக் கிழக்கின் பொலிஸார் நூற்றுக்கணக்கில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து கல்முனைக்குள் நுழைந்த படையினரால் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் புலிகளால் கொல்லப்பட்டனர். 12ஆம் திகதியளவில் ஏறாவூரில் முஸ்லிம்களும், சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையில் அகதிகளாகக் கோயிலில் தங்கியிருந்த தமிழர்களும் கொல்லப்பட்டனர். நேற்றுவரை வயலிலும் சந்தையிலும் ஒன்றாக நின்றவர்கள் ஒருவர் ஊரூடாக மற்றவர் போக முடியாத நிலை ஏற்பட்டது.

அந்த நாட்களில் ஊர் எல்லையைத் தாண்டக்கூடியவர்கள் மிகச் சிலர். அங்கி அணிந்த குருமார் அவர்களுள் இருந்தனர். மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6ஆம் திகதி மட்டக்களப்பு மரியாள் பேராலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். காணாமற்போனவர்களின் பெற்றோருக்காக முகாம் முகாமாகச் சென்று கேட்பதே பிரஜைகள் குழுவின் வேலை. அங்கி எப்போதும் காப்பாற்றாது என்பது அதன் பின் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து 1948இல் வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஜோன் ஹெபியர் புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்தவர். மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர் என்றுதான் பழைய மாணவர் அவரை நினைவுகூர்கிறார்கள். பிற்காலத்தில் இளைஞருக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் நிறுவனத்தை நடத்தினார். ஏறாவூர்ப் படுகொலை நடந்து மூன்று நாட்களான 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வன்செயலுக்குள் அகப்பட்டிருந்த வாழைச்சேனைப் பகுதிக்குச் சென்றிருந்த அவர் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். உடன் ஒரு தமிழ் இளைஞர் வந்தார். இருவரும் மட்டக்களப்பை வந்தடையவில்லை. அவர்களுக்கு என்ன நடந்தது என்பது இன்றுவரை வெளிவரவில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த, 66 வயதான ஒருவர் அந்தக் கோடையில் நாட்டைவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரோடு அதே ஆண்டில் வந்த ஹரி மில்லர் அடிகளார் தேர்ந்துகொண்ட வேலை இன்னும் அமைதியானது. மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, பிடித்துச் செல்லப்பட்டவர், கொல்லப்பட்டவர், எரிக்கப்பட்ட வீடுகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவைத்தார். செய்தது இராணுவமா, புலிகளா, ஊர்காவல் படையா, இறந்தவர் தமிழரா முஸ்லிமா என்று பார்த்து அவர் எதையும் எழுதாமல் விடவில்லை. குறிப்பெழுதுவது இரக்கச் செயல்களின் பழைய பட்டியல்களில் இடம்பெறாத ஒன்று. ஆனால் மகனைத் தேடி வரும் தாய்க்கு முதலில் தேவைப்படுவது, அவள் சொல்வதை நம்பி ஒருவர் திகதியோடு எழுதிக்கொள்வது. தன் தரப்புச் சாவுகளை மட்டும் எண்ணும் வழக்கத்துக்கு எதிரான அன்பு இது. இரு தரப்பிலும் நண்பர்களைக் குறைக்கக்கூடியதும்கூட.

கடல் வந்த பின்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை. கிறிஸ்தவர்களுக்கு நத்தாருக்கு மறுநாள். அன்று வந்த சுனாமியால் இலங்கையில் ஆகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான் ஏற்பட்டது: 10,000க்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோர வீதிகளை அடுத்திருந்த நெருக்கமான குடியிருப்புகள் சில நிமிடங்களில் அழிந்தன. மட்டக்களப்பு நாவலடியில், சமாரியரின் பெயரைத் தாங்கிய சிறுவர் இல்லமொன்றின் பிள்ளைகள் ஒரே படகில் ஏற்றப்பட்டுக் களப்பைக் கடந்து உயிர் பிழைத்தார்கள்.

முதல் சில நாட்கள் பற்றி அந்தக் கரையில் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பாடசாலை என்று கூரையுள்ள எல்லா இடமும் முகாமானது. நீர் எட்டாத உட்புற ஊர்களிலிருந்து சமைத்த சோறும் உடுதுணியும் வந்தன; சோற்றைக் கொண்டுவந்தவர் தமிழரா முஸ்லிமா என்று யாரும் கேட்கவில்லை. பிணங்களை எடுத்தவர்களும் அப்படியே. 14 ஆண்டுகள் கழித்தும் 1990இன் நினைவு ஆறாதிருந்த ஊர்களில் இது நடந்தது. அமைப்புகளோ நன்கொடையாளர்களோ வருவதற்கு முன்பு, வேறு வழியில்லாத நேரத்தில் உவமை தானாகவே நடந்தேறியது.

சிக்கல் உதவி வந்த பிறகு தொடங்கியது. உலகெங்கிலுமிருந்து வந்த நூற்றுக்கணக்கான அமைப்புகளுள் கிறிஸ்தவ அமைப்புகளும் பல. கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் பணி அமைப்புகளும் மெதடிஸ்த திருச்சபை போன்றவையும் இக்கரையில் ஏற்கெனவே வேரூன்றியிருந்ததால், யாருக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்து செயற்பட்டன. ஆனால் நிவாரணப் பொதியோடு துண்டுப்பிரசுரமும் கொடுத்துச் சென்ற சில வெளிநாட்டுக் குழுக்களால் ஏற்பட்ட கசப்பு உள்ளூர்க் கிறிஸ்தவர் தலையிலும் விழுந்தது. 2004ஆம் ஆண்டில்தான் கட்டாய மதமாற்றத்தைத் தடுப்பதற்கான தனிநபர் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்து, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. சந்தேகம் காற்றில் இருந்த காலம் அது.

இதற்கான நெறி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த அனர்த்த நிவாரண நடத்தைக் கோவை, உதவியைத் தேவையின் அடிப்படையில் மட்டுமே வழங்க வேண்டும் என்றும், எந்தவொரு சமய அல்லது அரசியல் நிலைப்பாட்டையும் பரப்ப அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. சுனாமிக்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2005 நத்தார் தினத் திகதியிட்டு, பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் வெளியிட்ட முதல் சுற்றுமடலும் திருச்சபைக்குள்ளிருந்தே இதைத்தான் கூறிற்று: இரக்கப் பணி மதம் பரப்பும் கருவியல்ல, கடவுளைப் பற்றிப் பேச வேண்டிய நேரமும் பேசாமல் அன்பு மட்டும் காட்ட வேண்டிய நேரமும் எவை என்பதைக் கிறிஸ்தவர் அறிந்திருக்க வேண்டும். பேசாமலிருப்பதையும் சாட்சியமாகக் கொள்ளும் இந்த நிலைப்பாட்டை எல்லாச் சபைகளும் ஏற்பதில்லை. முஸ்லிம் பெரும்பான்மை ஊரில் பணிபுரியும் கிறிஸ்தவருக்கு இதைவிட நேர்மையான வழி வேறு இல்லை.

கொடையை வரம்புக்குள் அடைக்கும் பழக்கம் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்கு அவற்றை வழங்குவதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. வீடுகள் எல்லா இனத்தவருக்கும் விகிதப்படி பகிரப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் பல ஆண்டுகள் அந்த வீடுகளில் யாரும் குடியேறாமல் காடு மண்டியது. கொடுத்தவர், பெற வேண்டியவர், எதிர்த்தவர் என்று ஒவ்வொருவரும் தத்தம் நியாயத்தில் நின்றார்கள். வீடிழந்தவர் வீடின்றியே இருந்தார்.

அன்புக்கு அறிவும் வேண்டும் என்பதும் சுனாமி காட்டிய பாடங்களில் ஒன்று. கரைவலைக்குத் தோணி தேவைப்பட்ட இடத்தில் பொருந்தாத படகுகளும், உடுக்க முடியாத குளிர்கால உடைகளும் வந்து குவிந்தன. இதற்கு நேர்மாறான முன்னுதாரணம் தமிழ்நாட்டில் உண்டு. கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாகப் பிறந்த போல் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்பதே அன்றைய பொது நம்பிக்கை. அவர்களின் கைகளைத் தொட்டு, நாட்கணக்கில் அவர்களது வேலைகளைக் கவனித்து, உணர்ச்சி இழப்பால் அறியாமலே ஏற்படும் காயங்கள்தான் விரல்களை அழிக்கின்றன என்பதைக் கண்டறிந்தார். மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி இயங்க வைத்தார். இரக்கம் மட்டும் இருந்திருந்தால் அவர் நோயாளருக்குச் சோறு போட்டிருப்பார். கவனித்துப் பார்த்ததால் அவர்கள் தம் சோற்றைத் தம் கையால் உண்ண முடிந்தது.

2019க்குப் பின்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாட்டின் பல இடங்களில் தற்கொலைக் குண்டுகள் வெடித்த நாள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியில் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்த வேளையில், முதுகில் பையுடன் வந்த ஒருவரைச் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தலைவர் சந்தேகித்து, உள்ளே விடாமல் முற்றத்தில் தடுத்து நிறுத்தினார். குண்டு அங்கேயே வெடித்தது. இறந்த சுமார் 30 பேரில் பாதியளவினர் சிறுவர்; தடுத்தவரும் இறந்தார். நிரம்பியிருந்த ஆலயத்துக்குள் அந்தக் குண்டு வெடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைக் கணக்கிடத் தேவையில்லை. தற்கொலைதாரி காத்தான்குடியைச் சேர்ந்தவர்.

ஐந்து நாட்கள் கழித்துக் களம் அம்பாறைக் கரைக்கு மாறியது. சாய்ந்தமருதில், சுனாமியால் வீடிழந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட வொலிவேரியன் கிராமத்தில் வாடகைக்கு வந்திருந்த புதியவர்கள் மீது அங்கிருந்த முஸ்லிம் மக்கள் சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தனர். ஏப்ரல் 26 இரவு பாதுகாப்புப் படையினர் அந்த வீட்டைச் சுற்றிவளைத்தபோது உள்ளிருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தனர். 6 சிறுவர் உட்பட 15 பேரளவில் இறந்தனர். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் சூத்திரதாரியான சஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் அங்கே இறந்தவர்களுள் அடங்குவர். தற்கொலைதாரிகளின் உடல்களைத் தம் மையவாடிகளில் ஏற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

கிறிஸ்தவ விளக்கவுரைகளில் கிறிஸ்தவர் பெரும்பாலும் சமாரியரின் இடத்திலேயே தம்மை வைத்துப் பார்ப்பர். 2019 அந்த வாசிப்பைக் குலைத்தது. அந்த ஆண்டு அடிபட்டுக் கிடந்தவர் கிறிஸ்தவர். இன்னொரு தாக்குதல் நடக்காதபடி தகவல் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது முஸ்லிம்கள். அன்பு செலுத்தத் தெரிந்தவருக்கு, அதைப் பிறர் கையிலிருந்து பெறுவது சில நேரம் கொடுப்பதைவிடக் கடினம். பெற்ற பிறகு கொடுப்பவர் என்ற உயரம் போய்விடுகிறது. முதலில் லூக்காவின் உவமையைக் கேட்ட யூதச் செவிகளுக்கு உறுத்தியிருக்கக்கூடியதும் இதுவே.

பழிவாங்கல் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மே மாதத்தில் நீர்கொழும்பிலும், 13ஆம் திகதியளவில் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆனால் தாக்குதலில் ஆகக்கூடுதலான இழப்பைச் சந்தித்த கத்தோலிக்க சமூகத்தின் தலைமை, முதல் நாளிலிருந்தே முஸ்லிம்கள் மீது கை வைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நீர்கொழும்பில் கலவரம் மூண்டபோது கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் நேரில் சென்று அமைதி கேட்டார். ஓராண்டு கழித்து, 2020 ஏப்ரல் 12ஆம் திகதி, ஊரடங்கினால் தொலைக்காட்சியில் மட்டும் ஒளிபரப்பான உயிர்த்த ஞாயிறுத் திருப்பலியில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாக அவர் கூறினார்.

மன்னித்ததாகச் சொன்ன அதே பேராயர் அடுத்த ஆண்டுகளில் விசாரணையின் போக்கைத் தொடர்ந்து கண்டித்தார். 2021 மார்ச் 7ஆம் திகதியைத் திருச்சபை கறுப்பு ஞாயிறாகக் கடைப்பிடித்தது. சிலர் இதை முரண்பாடு என்றார்கள். மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் தம் பகையை விடுவது. அதைக் கொடுக்கும் உரிமை அவரிடம் உண்டு. தடுக்க முடிந்தும் தடுக்காத அதிகாரியின் பொறுப்பைத் தள்ளுபடி செய்யும் உரிமை அவரிடம் இல்லை. அப்படிச் செய்தால் அடுத்த முறை இறப்பவர் வேறொருவர். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்கூட்டியே கிடைத்த புலனாய்வுத் தகவலை வைத்து நடவடிக்கை எடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாவும், பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்புத் துறைகளின் அப்போதைய உயர் அதிகாரிகள் நால்வரும் அரசும் மீதியும் என்று மொத்தம் 311 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது.

தனக்காக நீதி கேட்பதை அன்பு என்று அழைப்பதில் தயக்கம் இருக்கலாம். பிறருக்காகக் கேட்பதில் அந்தத் தயக்கம் இருக்க முடியாது. கொவிட் பெருந்தொற்றில் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் மட்டுமே செய்ய வேண்டும் என்று 2020இல் அரசு கட்டாயப்படுத்தியது. அது இறந்தவரை மண்ணில் அடக்கம் செய்யும் முஸ்லிம்களின் ஜனாஸா கடமைக்கு நேர் எதிரானது. கல்முனை முதல் பொத்துவில் வரை ஒவ்வொரு ஊரும் அந்த வேதனையை அறியும். விதியை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்ற மனுதாரர்களுள் முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அந்த மனுக்கள் 2020 டிசம்பர் 1ஆம் திகதி விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளப்பட்டன. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை சென்ற நடைபயணம், தமிழர் கோரிக்கைகளோடு கட்டாயத் தகனத்தை நிறுத்தும் கோரிக்கையையும் சுமந்து சென்றது. இந்து மதகுருமாரும் கத்தோலிக்கக் குருமாரும் முன்னின்ற அந்த ஊர்வலத்தில் இக்கரையின் முஸ்லிம் மக்கள் தம் ஊர்களில் சேர்ந்துகொண்டார்கள். இங்கே கொடுக்கப்பட்டவை ஒரு மனுவில் ஒரு பெயர், சாலையில் சில மணி நேரம். பெப்ரவரி 25ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் அடக்கம் செய்வதை அனுமதித்தது. மார்ச் மாதம் முதல் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கங்கள் நடைபெற்றன.